சும்மாவா இருந்தாள்?

சில மாதங்களுக்கு முன் நெற்குப்பைக்குப் போயிருந்தேன். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தைச் சேர்ந்த செட்டிநாட்டுப் பேரூர் அது. உலகைச் சுற்றி வந்து, கண்டதையெல்லாம் எளிய தமிழில் எழுதி வைத்த சோமலெ 1921ஆம் ஆண்டு பிறந்த ஊர். பட்டாலையும் வளவுமாக எழுந்த பெரிய வீடுகள் பல, ஆண்டில் ஓரிரு முறை திறக்கப்படுவதற்காகக் காத்துக் கிடக்கின்றன. ஆனால், நான் வீடு பார்க்கப் போகவில்லை. காலஞ்சென்ற என் நண்பர் ஒருவரின் மகள் தன் கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் அங்கே குடியிருக்கிறாள். அவ்வழியே போகும்போது அவளைப் பாராமல் போவது நட்புக்கு அழகன்று என்று பேருந்திலிருந்து இறங்கினேன்.

திண்ணையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கணக்கு நோட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள். என்னைக் கண்டதும் ஸலாம் சொல்லி எழுந்தாள். பிள்ளைகளுக்கு இரண்டு கணக்குகளைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து தேநீர் போட்டாள்.

முதுகலைக் கணிதமும் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்றவள் அவள். ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் ஆறாண்டுகள் பணியாற்றினாள். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டாள். குழந்தை நடக்கத் தொடங்கியதும் திரும்பப் போகலாம் என்று எண்ணியிருந்த வேளையில் மாமனாரைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. கணவர் வளைகுடாவில், நாத்தனார்கள் தத்தம் வீடுகளில். அந்த முதியவரை ஆறாண்டுகள் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, கடைசி மூச்சு வரை காத்தவள் இவளே. பிறகு கணவர் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அவர் ஊர் திரும்பி நெற்குப்பையில் சிறிய பலசரக்குக் கடை வைத்தார். கடை வருமானம் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாகிவிடுகிறது. பிள்ளைகள் மேலே படிக்க வேண்டுமே! ஒன்பதாண்டுகளுக்குப் பிறகு அவள் மீண்டும் வேலைக்கு மனுப் போட்டாள்.

நம்மவர் நடத்தும் பள்ளி ஒன்றிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். பெயர் சொல்லிப் பழி தீர்ப்பது என் நோக்கமன்று. மேசைக்கு அப்பால் நான்கு பெரியவர்கள். சான்றிதழ்களைப் புரட்டிய ஒருவர் தலையை நிமிர்த்திக் கேட்டாராம்: “இந்த ஒன்பது வருஷமும் சும்மாவா இருந்தீர்கள்?”

“பெரியத்தா, நான் என்ன பதில் சொல்வேன்?” என்றாள் அவள். “சும்மா இருந்தேன் என்றால் அது பொய். சும்மா இல்லை என்றால், என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். பிள்ளை வளர்த்தேன், மாமாவைப் பார்த்துக்கொண்டேன் என்றால் சிரிப்பார்கள். பேசாமல் இருந்துவிட்டேன்.”

கடைசியில், புதிதாகப் படித்து வரும் பெண்ணுக்குக் கொடுப்பதைவிட ஐந்நூறு ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னார்களாம். அவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

கேட்டவன் நானும்தான்

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் வாசகர்கள் என்னை மெச்சக்கூடும். உண்மை அதுவன்று. எனக்கு வந்தது வெட்கம். சில ஆண்டுகள் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் நானும் இருந்தேன். நேர்காணல் மேசைக்கு அப்பால் அமர்ந்தேன். இதே கேள்வியை இதே சொற்களில் கேட்டிருக்கிறேன். ஒருமுறையன்று. அவ்வாறு கேட்டுத் திருப்பி அனுப்பிய ஒரு பெண்ணின் முகம் இன்னும் நினைவிலிருக்கிறது. பெயர் நினைவில் இல்லை. ஆகவே, இந்தக் கட்டுரையில் நான் யாரைக் குற்றம் சாட்டினாலும் அந்தக் கூட்டத்தில் என்னையும் சேர்த்தே சாட்டுகிறேன் என்பதை அன்பர்கள் மனத்தில் கொள்க.

அந்த ஒன்பதாண்டுகள் யாருக்குப் பயன்பட்டன? அவளுக்கா? ஒரு முதியவர் ஆதரவற்றுச் சாகவில்லை. இரண்டு பிள்ளைகள் ஒழுக்கமாக வளர்ந்தன. ஒரு மனிதர் வீட்டைப் பற்றிய கவலையின்றிக் கடல் கடந்து சம்பாதித்தார். அவர் அனுப்பிய பணத்தில் சகோதரிகளின் திருமணங்கள் நடந்தன. பள்ளிவாசலுக்குச் சந்தா போனது. அவளுடைய ஒன்பதாண்டுகளைக் குடும்பமும் சமுதாயமும் கூடி உண்டு தீர்த்தன. உண்டு முடித்த பிறகு அவளைப் பார்த்து, “இத்தனை காலம் எங்கே போயிருந்தாய்?” என்று கேட்கிறோம். பிள்ளைக்காகவும் முதியவருக்காகவும் வேலையை விட்ட பெண்ணை மீண்டும் வேலைக்கு அழைத்துக்கொள்வதை நாம் இரக்கம் என்று நினைக்கிறோம். இரக்கம் என்பது கொடுக்கக் கடமைப்படாதவன் கொடுப்பது. நாமோ வாங்கியவர்கள். வாங்கியதைத் திருப்பித் தருவதற்குக் கடன் அடைத்தல் என்று பெயர். நான் சொல்ல வந்தது இது ஒன்றே.

செட்டிநாட்டுக் கணக்கு

நெற்குப்பையின் பூட்டிய வீடுகளைக் கடந்து நடந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. வேலையில் இடைவெளி என்பது இந்த மண்ணுக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் நடத்தினர். கடல் கடந்து தொழிலுக்குப் போவதைக் கொண்டுவிற்கப் போதல் என்றனர். கடையை நடத்தப் போகிறவர் வழக்கமாக மூன்றாண்டுத் தவணைக்குப் போவார். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். ஊரில் நெடுங்காலம் தங்குவார். பிள்ளைகளுக்குத் திருமணம் முடிப்பார். வீட்டுக்கு ஒரு கட்டு சேர்த்துக் கட்டுவார். பிறகு மறுபடியும் கப்பலேறுவார். பெட்டியடிப் பையனாகத் தொடங்கியவர் இப்படிப் போய் வந்து போய் வந்தே அடுத்தாளாகி, பின் கடைப் பொறுப்பையே ஏற்றார். ஊரில் தங்கிய காலத்தைக் காட்டி, “சும்மாவா இருந்தீர்?” என்று எந்த முதலாளியும் கேட்டதாக நான் அறியேன். அந்த இடைவெளி தொழிலின் குறையாக எண்ணப்படவில்லை. தொழிலின் ஏற்பாட்டிலேயே அதற்கு இடம் வைத்திருந்தார்கள்.

நம் வீடுகளிலும் இதே கதைதான். நம் பாட்டன்மார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சபர் போனார்கள். நம் பிள்ளைகள் துபாய்க்கும் ரியாதுக்கும் குவைத்துக்கும் போகிறார்கள். சபராளி ஊர் வந்தால் ஆறு மாதம், ஓராண்டு தங்குகிறான். புது விசாவுக்காக இரண்டாண்டுகள் காத்திருப்பவனும் உண்டு. காலையில் தேநீர்க் கடை, மாலையில் கடைத்தெரு, இடையில் உறக்கம். அவனைச் சும்மா இருப்பவன் என்று எவரும் சொல்வதில்லை. “ஊருக்கு வந்திருக்கிறார்” என்கிறோம். என்ன மரியாதையான சொல்! அவன் மனைவி விடியலில் எழுந்து இரவில் படுக்கும்வரை ஓயாமல் உழைத்தால் அவள் மட்டும் சும்மா இருப்பவள்.

நடுவண் அரசு 2019ஆம் ஆண்டு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்தச் ‘சும்மா’வை நிமிடக் கணக்கில் அளந்து சொல்கிறது. கூலியில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறாள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பிள்ளை பேணுவதும் நோயாளியைப் பார்ப்பதும் இக்கணக்கில் சேரவில்லை, அவை தனி.

துருப்பிடித்துவிடும் என்கிறார்கள்

“எல்லாம் சரி, ஒன்பதாண்டுகள் விட்டுவிட்டால் படித்தது மறந்துபோகுமே, அறிவு துருப்பிடித்துவிடுமே” என்பர் நிர்வாகிகள். இதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2018-19ஆம் கல்வியாண்டு தொடங்கித் தமிழ்நாட்டின் பள்ளிப் பாடநூல்கள் புதிதாக எழுதப்பட்டன. அதற்குமுன் வேலையை விட்டவள் புதிய நூல்களைக் கற்றே ஆக வேண்டும். கற்பிக்கும் முறையும் கருவிகளும் மாறியிருக்கின்றன.

ஆனால், துருவைத் தேய்த்துப் போக்குவதா, கத்தியையே எறிவதா? கணிதத்தில் முதுகலை பெற்றவளுக்குப் புதுப் பாடநூலைப் பழக எத்தனை நாள் ஆகும்? ஒரு கோடை விடுமுறை போதாதா? ஒரு மாதப் பயிற்சியால் தீரும் குறையைக் காரணம் காட்டி இருபதாண்டு உழைப்பை இழப்பது எந்த வணிகக் கணக்கில் சேரும்?

அறிவியல் ஆராய்ச்சியைவிட வேகமாக மாறும் துறை வேறில்லை. அத்துறையிலேயே இது முடியுமென்று அரசு ஒப்புக்கொண்டது. இடையில் பணியை விட்ட பெண் அறிவியலாளர் மீண்டும் ஆய்வுக்குத் திரும்ப நடுவண் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03ஆம் ஆண்டில் ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்துக்காக நின்றவளுக்கு ஆய்வு உதவித்தொகை அளித்து, ஓர் ஆய்வு நிலையத்தில் இடம் பெற வழி செய்த திட்டம் அது. வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் நெற்குப்பையிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரத்தில், காரைக்குடியில்தான் இருக்கிறது. வேதியியல் முதுகலை படித்து அடுப்படியில் நிற்கும் நம் பெண்களுள் எத்தனை பேருக்கு இப்படியொரு வழி இருப்பது தெரியும்? தெரிவித்தவர் யார்?

தனியார் துறையிலும் முயற்சி உண்டு. டாட்டா குழுமம் 2008ஆம் ஆண்டிலேயே, இடைவெளிக்குப் பின் திரும்பும் பெண்களுக்கென ஒரு திட்டம் வகுத்தது. நம் பாட்டன்மார் சபர் போன மலேசியாவில், இரண்டாண்டுகளோ அதற்கு மேலோ வேலையை விட்டிருந்து மீண்டும் சேரும் பெண்களுக்குப் பன்னிரண்டு மாத ஊதியத்துக்கு வருமான வரி விலக்கு என்று 2018ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். “நீ திரும்பி வருவது நாட்டுக்கு ஆதாயம், முதல் ஆண்டு வரியே வேண்டாம்” என்று ஓர் அரசாங்கம் சொல்கிறது. நாம் ஐந்நூறு ரூபாயைக் குறைக்கிறோம்!

சட்டம் எதுவரை வரும்?

நம் நாட்டிலும் சட்டங்கள் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தி, சம்பளத்தோடு கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தார்கள். தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை முதல் ஓராண்டாக்கியது. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்களுக்கு, பெற்றோரோ கணவர் வீட்டாரோ வாழும் மாவட்டத்திலேயே மூன்றாண்டுகள் பணி என்று 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் அறிவித்தார். நம் மாநிலத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளில் அடங்கியது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவை யாவும் போற்றத்தக்கவை. ஆனால், இவை காப்பது வேலையில் இருப்பவளை. வேலையை விட்டு வந்துவிட்டவளுக்கு விடுப்புச் சட்டம் என்ன செய்யும்? அவளுக்கு அரசு திறக்கக்கூடிய கதவு வயது வரம்பு ஒன்றுதான். அந்தக் கதவு பட்ட பாட்டைப் பாருங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் நேரடி நியமனத்துக்குப் பொதுப் பிரிவினர்க்கு 40, மற்றவர்க்கு 45 என்று 2020இல் வரம்பு கட்டினார்கள். பிள்ளை வளர்த்துவிட்டு நாற்பத்தாறு வயதில் நிமிர்ந்து பார்த்தவளுக்குக் கதவு சாத்தப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, 2021இல் சற்றுத் தளர்த்தினார்கள், 2023இல் அது 53, 58 என்று உயர்ந்தது. ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றும் முன்பு ஏழாண்டுகளுக்கே செல்லும். 2021இல் அதனை வாழ்நாள் முழுவதும் செல்லும்படி மாற்றினார்கள். ஏழாண்டு என்று காலம் குறித்தவர்கள், ஏழாண்டு பிள்ளை வளர்ப்பவள் ஒருத்தி உண்டு என்பதை எண்ணிப் பாராமல்தான் குறித்திருக்க வேண்டும். கேட்டதனால் மாறியது. கேளாமல் எதுவும் மாறுவதில்லை.

அரசாங்கமே தன் கதவை அகலத் திறந்த பிறகும், நம் பள்ளிகளின் கதவு ஒருக்களித்தே இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மார்க்கத்தின் மேல் போட வேண்டாம்

இங்கே சிலர் குரலை உயர்த்துவர்: “பெண் வீட்டிலிருப்பதே மார்க்கத்துக்கு உகந்தது.” வசதியான வேளையில் மட்டும் மார்க்கத்தை நினைவுகூரும் பழக்கம் நமக்கு உண்டு. அவளை முதலில் ஆறாண்டுகள் வேலைக்கு அனுப்பி அந்தச் சம்பளத்தை வாங்கிச் செலவிட்டபோது நினைவுக்கு வராத மார்க்கம், அவள் திரும்பிப் போக விரும்பும்போது வருவது ஏன்?

கதீஜா நாயகி (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்கு வணிகச் சரக்கு அனுப்பிய சீமாட்டி என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அறிந்தும் மறக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் மணவிலக்குப் பெற்று இத்தா இருந்த காலத்தில், தம் பேரீச்ச மரங்களின் காய்களைப் பறிக்க வெளியே புறப்பட்டார். ஒருவர் அவரைக் கடிந்து தடுத்தார். அந்த அம்மையார் நேரே அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார். பெருமானார் அவருக்குப் போகவும் பறிக்கவும் அனுமதி தந்தார்கள். அதிலிருந்து அவர் தருமம் செய்யவோ நன்மை புரியவோ கூடும் என்று காரணமும் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. தடுத்தவரும் அன்றே இருந்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. நாம் இன்று யார் வரிசையில் நிற்கிறோம்?

ஆண் சம்பாதித்ததில் ஆணுக்குப் பங்குண்டு, பெண் சம்பாதித்ததில் பெண்ணுக்குப் பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் தரும் செய்தி. இரண்டாண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிப் பேசும் அல்பகராவின் 233ஆம் வசனமோ, பால் மறக்கடிப்பதைத் தாயும் தந்தையும் கலந்து பேசி, மனமொத்து முடிவு செய்வதாகக் கூறுகிறது. பிள்ளை இருவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பின் விலையை மட்டும் ஒருத்தி எப்படிக் கட்டுவாள்?

நம் நடைமுறை முரண்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டதும் பெண் மருத்துவர் இருக்கிறாரா என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியைதான் வேண்டும் என்கிறோம். நியாயமே. ஆனால், அந்தப் பெண் மருத்துவருக்கும் பிள்ளை பிறக்கும். அந்த ஆசிரியைக்கும் மாமனார் படுப்பார். அவர்கள் திரும்பி வர வழி வைக்காவிட்டால், அடுத்த பேறுகாலத்துக்கு யாரைத் தேடப்போகிறோம்?

தையல் இயந்திரம்

நம் சமுதாயத்தில் பெண்களுக்கு உதவி என்றால் ஒரே பொருள்தான் தெரியும்: தையல் இயந்திரம். ஆண்டுவிழா மேடை, மாலை மரியாதை, வரிசையாகப் பத்து இயந்திரங்கள், புகைப்படம். தையலை நான் இழிவாகச் சொல்லவில்லை. தையல் தெரிந்து, தைக்க விரும்பும் பெண்ணுக்கு அது பெரும் உதவி. ஆனால் கணிதம் கற்றவளுக்கும் அதுவே, மருந்தாளுநர் படிப்பு முடித்தவளுக்கும் அதுவே, கணக்கியல் பட்டதாரிக்கும் அதுவே என்றால், அவள் யார் என்று நாம் கேட்கவே இல்லை என்றல்லவா பொருள்?

2006ஆம் ஆண்டு வெளியான நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை, உழைக்கும் முஸ்லிம் பெண்களுள் 70 விழுக்காட்டினர் தம் வீட்டுக்குள்ளிருந்தே உழைப்பதாகக் கூறியது. எல்லாச் சமயத்துப் பெண்களையும் சேர்த்துப் பார்த்தால் அது 51 விழுக்காடு. வீட்டுக்குள் செய்யும் வேலைக்குக் கூலி குறைவு, சேமநிதி இல்லை, சங்கம் இல்லை. நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் உழைப்போர், உழைக்க முன்வருவோர் விகிதம் 2017-18இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24இல் 41.7 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. பெரிய சமயத்தாருள் முஸ்லிம் பெண்களின் விகிதமே மிகக் குறைவு என்பதையும் அதே புள்ளிவிவரங்கள் தொடர்ந்து காட்டுகின்றன. நம் பெண்கள் படிக்கவில்லை என்று இனிச் சொல்ல முடியாது. படிக்கிறார்கள், பட்டம் பெறுகிறார்கள். படித்தவர்கள் எங்கே போனார்கள் என்பதே இன்றைய கேள்வி.

“ஆண்களுக்கே வேலை இல்லை, பெண்களுக்கு எங்கே போவது?” என்பாரும் உண்டு. நெற்குப்பையில் என் நண்பரின் மகள் வேலை கேட்பது ஆடம்பரத்துக்கன்று. வேலையிழந்து திரும்பிய ஓர் ஆணின் சுமையில் பாதியைத் தாங்குவதற்கு. சபர் என்றும் நிலைத்திருக்கும் என்று நம்பியிருந்த குடும்பங்கள் பல இன்று அதே இடத்தில் நிற்கின்றன. ஒரு காலில் நிற்கும் வீடு எத்தனை நாள் நிற்கும்?

செய்யத்தக்கவை

குறை சொல்வது எளிது. வழி சொல்ல வேண்டாமா? எனக்குத் தோன்றுவனவற்றைச் சொல்கிறேன்.

பள்ளி, கல்லூரி நிர்வாகிகள் முதலில் அந்தக் கேள்வியை விட்டொழிக்க வேண்டும். இடைவெளிக்கு முன் அவள் பணியாற்றிய ஆண்டுகளைச் சம்பளக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆறாண்டு அனுபவம் ஒன்பதாண்டு கழிந்தால் ஆவியாகிவிடாது. முதல் பருவத்தில் அரை நாள் வேலை, அடுத்த பருவத்தில் முழு நாள் என்று படிப்படியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நமக்குக் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி 1951இல் தோன்றியது. நம் மாவட்டத்தின் இளையான்குடியில் டாக்டர் சாகிர் உசேன் கல்லூரி 1970இல் எழுந்தது. கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988இல் உருவாயிற்று. பழைய மாணவியரின் பெயர்ப் பதிவேடு எந்தக் கல்லூரியிலும் இருக்கும். கோடை விடுமுறையில் வகுப்பறைகள் காலியாகவே கிடக்கும். படித்து முடித்துப் பத்தாண்டு வீட்டிலிருக்கும் மாணவிக்கு ஓர் அஞ்சல் எழுதி, “ஒரு மாதம் வாருங்கள், புதுப்பித்துத் தருகிறோம்” என்று சொல்ல என்ன செலவாகும்?

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் ஓதும் மதரஸா அறைகள் பல ஊர்களில் நடுப்பகலில் பூட்டியிருக்கின்றன. அங்கே குழந்தைக் காப்பகம் வைக்கலாம். ஊரில் ஆதரவற்ற மூத்த பெண்மணிகள் இருப்பார்கள். அவர்களுக்கு ஊதியம் கொடுத்துப் பொறுப்பாக்கலாம். பைத்துல்மாலிலிருந்து தேர்வுக் கட்டணத்துக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். பத்துத் தையல் இயந்திரங்கள் வாங்கும் இடத்தில் ஐந்து வாங்கினால் இதற்குப் பணம் கிடைத்துவிடும்.

வீட்டு ஆண்களுக்கு நான் சொல்வது சிறிது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டு வேலையில் பங்கு கொண்டார்கள் என்பது ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் அறிவிப்பு. சுன்னத்துகளைத் தேடித் தேடிப் பின்பற்றும் நாம் இதை மட்டும் ஏன் விட்டு வைத்தோம்? மாமியார்களுக்கும் ஒரு சொல்: உங்கள் மருமகள் வெளியே போனால் வீடு கெடும் என்று அஞ்சாதீர்கள். உங்கள் மகளும் யார் வீட்டிலோ மருமகள்தான்.

பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலையை விட்டாலும் படிப்பை விடாதீர்கள். சான்றிதழ்களை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். உடன் பணியாற்றியவர்களோடு தொடர்பை அறுத்துக்கொள்ளாதீர்கள். நேர்காணலில் எவரேனும் அந்தக் கேள்வியைக் கேட்டால் தலை குனியாதீர்கள். செய்ததைச் செய்தேன் என்று சொல்லுங்கள், சிரிப்பவர் சிரிக்கட்டும்.

நான் விடைபெறும்போது அவள் மறுபடியும் திண்ணைக்குப் போய்விட்டாள். ஒரு சிறுவனின் விடை தவறாக இருந்தது. அவள் அதை அடித்துவிடவில்லை. “எந்த வரியில் தவறியது, நீயே கண்டுபிடி” என்று நோட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். நல்ல ஆசிரியை என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அப்பிள்ளைகளிடம் அவள் காசு வாங்குவதில்லை என்று அவள் கணவர் பேருந்து நிறுத்தம் வரை வந்து சொல்லிப் போனார்.

மே மாதம் வரும். நம் பள்ளிகளில் நேர்காணல்கள் தொடங்கும். மேசைக்கு அப்பால் அமரப் போகும் பெரியவர்களே, உங்களோடு இருந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன். அந்தக் கேள்வி உங்கள் நாவில் வந்தால் விழுங்கிவிடுங்கள். அருகிலிருப்பவர் கேட்டால் தடுத்துவிடுங்கள். நெற்குப்பையில் ஒரு கணித ஆசிரியை இன்னும் காத்திருக்கிறாள். அவளைப் போன்றவர்கள் உங்கள் ஊரிலும், ஒருவேளை உங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள்.